செஞ்சிச் சீமையில் கொள்முதல்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதுவதற்கு இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தானின் படைத்தலைவர்கள், மராட்டியர்கள், முகலாயர்கள், பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள் என்று கைமாறிய கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. தேசிங்குராசன் கதையைத் தெருக்கூத்தில் பார்க்காத வட தமிழகத்துக் கிராமம் அரிது. 2025 ஜூலையில் மராட்டியர்களின் இராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி என்பதால் அதன் புகழ் மேலும் பரவியிருக்கிறது.

ஆயினும் இவை அனைத்தும் போரின் கதைகள். இப்பதிவில் நான் எடுத்துக்கொள்ள விரும்புவது அவ்வளவு கவர்ச்சியில்லாத ஒரு பொருள்: கொள்முதல். அரசுகளுக்கும், அரசைப் போலவே நடந்துகொண்ட வணிகக் கும்பினிகளுக்கும் சரக்கு வழங்கியவர்கள் யார்? அவர்களை வாங்குவோர் எப்படிக் கையாண்டார்கள்? சரக்கு வராமல் போனால் இழப்பு யார் தலையில் விழுந்தது? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை நீண்ட நாட்களாகத் தொந்தரவு செய்துவருகிறது.

அரசுக் கொள்முதல் என்றதும் நமக்கு டெண்டர் விளம்பரமும், குறைந்த விலைப்புள்ளியும், முன்வைப்புத் தொகையும் நினைவுக்கு வருகின்றன. தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளை ஒளிவுமறைவின்றி நடத்துவதற்கான சட்டம் இயற்றப்பட்டது 1998இல்தான். முகலாயர்களிடம் செஞ்சி வீழ்ந்து சரியாக முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு! இது வெறும் தற்செயல். ஆனால் அச்சட்டம் தீர்க்க முயன்ற சிக்கல்கள் எவையும் புதியவை அல்ல என்பதைப் பழைய ஆவணங்கள் காட்டுகின்றன. ஒருவரையே நம்பியிருத்தல், வாங்கும் அதிகாரிக்கும் விற்கும் வணிகருக்கும் இடையிலான இரகசிய உறவு, தரத்தைப் பற்றிய ஓயாத சச்சரவு ஆகிய மூன்றும் பதினேழாம் நூற்றாண்டின் சோழமண்டலக் கரையில் முழு வளர்ச்சி பெற்றிருந்தன.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்ற மூன்று குன்றுகளையும் இணைத்துச் செல்லும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இம்மதிலுக்குள் பார்வையாளர் கண்டு வியப்பது கல்யாண மகாலையும் இராஜகிரியின் உச்சிக்குச் செல்லும் பாலத்தையும். நான் பரிந்துரைப்பது களஞ்சியங்களை. இராஜகிரியின் அடிவாரத்தில் தடித்த சுவர்களோடு நிற்கும் பெருங்களஞ்சியம் ஒன்று, மலையுச்சியில் ஒன்று, கிருஷ்ணகிரியின் மேலே தானியத்தை மேலிருந்து கொட்டுமாறு அமைந்த கல் களஞ்சியங்கள், அவற்றோடு எண்ணெய்க் கிணறு என்று ஊரார் சுட்டும் ஒரு தொட்டி. வாளைவிட நெல்லை நம்பியே கோட்டை கட்டப்பட்டது என்பது அங்கே நிற்கும்போது தெளிவாகத் தெரியும்.

செஞ்சிக்கு மேற்கே உள்ள குன்றுகளில் தோன்றும் சங்கராபரணி ஆறு புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. அந்த ஆற்றைப் போலவே செஞ்சிச் சீமையின் விளைபொருளும் துணியும் கிழக்கு நோக்கியே ஓடின. குனிமேடு, புதுச்சேரி, தேவனாம்பட்டினம், கடலூர், பரங்கிப்பேட்டை என்று வரிசையாக நின்ற துறைமுகங்கள் அனைத்தும் ஏதாவதொரு காலத்தில் செஞ்சியில் அமர்ந்தவரின் அனுமதியை எதிர்நோக்கியவை. 1597இல் செஞ்சிக்கு வந்த இயேசுசபைப் பாதிரியார் பிமென்டா, தாம் இந்தியாவில் கண்ட நகரங்களிலேயே பெரியது இது என்றும், போர்ச்சுகலில் லிஸ்பன் நீங்கலாக இதற்கு இணையான ஊர் இல்லை என்றும் எழுதினார். வெறும் படைவீடாக இருந்திருந்தால் அவர் அவ்வாறு எழுதியிருக்க மாட்டார்.

கரையில் முதலில் பெரிய அளவில் கொள்முதல் செய்ய வந்த வடஐரோப்பியர் டச்சுக்காரர்கள். 1608இல் செஞ்சி நாயக்கர் தேவனாம்பட்டினத்தில் அவர்கள் தங்கி வணிகம் செய்ய அனுமதித்தார். போர்ச்சுகீசியர்களின் நெருக்குதலால் அங்கு கோட்டை கட்டும் எண்ணம் கைகூடவில்லை. 1610இல் பழவேற்காட்டில் காலூன்றினர். ஆனால் நமக்கு முக்கியமானவர்கள் டச்சுக்காரர்கள் அல்லர், அவர்களுக்குச் சரக்கு வாங்கிக்கொடுத்த இரு சகோதரர்கள். மூத்தவர் அச்சுதப்பச் செட்டி; மலையா என்ற பெயரால் ஐரோப்பிய ஆவணங்களில் அறியப்படுபவர். இளையவர் சின்னண்ணச் செட்டி. மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கிய மூத்தவர் 1634இல் இறக்கும்போது கரையின் மிகப் பெரிய வணிகர்களில் ஒருவர். இக்குடும்பத்துக்குச் சொந்தக் கப்பல்கள் இருந்தன. துறைமுகங்களின் வரியைக் குத்தகைக்கு எடுத்தனர். அரசர்களிடம் டச்சுக்காரர்களுக்காகத் தூது சென்றனர். தேவைப்பட்டபோது சின்னண்ணர் படையையும் திரட்டினார்.

இங்கே சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். நமக்குச் சரக்கு விற்பவரே நாம் இருக்கும் ஊரின் வரி அதிகாரி. அவரே நமக்காக அரசரிடம் பேசுபவர். அவரே நம்மோடு போட்டியிடும் கப்பல் முதலாளி. இப்படிப்பட்டவரோடு விலை பேசுவது எப்படி? அவருடைய துணி தரக்குறைவாக இருந்தால் திருப்பி அனுப்பும் துணிவு யாருக்கு வரும்? டச்சுக்காரர்களுக்கு அவர் இல்லாமலும் நடக்காது, அவரோடும் நடக்காது. அக்காலப் பெருவணிகர்களின் இந்தப் பல்முக வடிவத்தை வரலாற்றாசிரியர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். வாங்குபவரின் பக்கமிருந்து அதைப் பார்த்தால் அது ஓயாத தலைவலி.

ஆங்கிலக் கும்பினிக்கும் இதே தலைவலி சென்னையில் வந்தது. அதற்குள் போவதற்குமுன் கொள்முதல் எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கும்பினி தன் துணிக் கொள்முதலை முதலீடு என்றே அழைத்தது. பொருத்தமான சொல்தான், ஏனெனில் துணி கைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே பணம் கையைவிட்டுப் போய்விடும். இலண்டனிலிருந்து எந்த வகை எத்தனை என்று பட்டியல் வரும். தலைமை வணிகருடன் ஒப்பந்தம் எழுதப்படும். ஒவ்வொரு வகைக்கும் மாதிரித் துண்டு ஒன்று முத்திரையிட்டு வைக்கப்படும். வணிகருக்கு முன்பணம், வணிகர் தரகருக்குக் கொடுப்பார், தரகர் கைக்கோளர், சாலியர், தேவாங்கர் தெருக்களுக்குச் சென்று தறிக்காரரிடம் கொடுப்பார். நெய்தவர் நூலும் அரிசியும் வாங்குவது அந்தப் பணத்தில்தான்.

துணி வந்ததும் தரம் பிரிக்கும் கிடங்கில் மாதிரியோடு ஒப்பிடுவார்கள். பாவில் எத்தனை இழை என்பதே முதல் சோதனை. நூற்றிருபது இழை கொண்டது ஒரு புஞ்சம். புஞ்சம் கூடக்கூடத் துணி நெருக்கமாகும், விலையும் ஏறும். நீளத்துணி ஏறத்தாழ 36 கஜம். சல்லம்பூர் அதில் பாதிக்கும் குறைவு. நீளம் குறைந்தாலோ, அகலம் குறைந்தாலோ, வெளுப்பு சரியில்லை என்றாலோ இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று விலை இறங்கும். அதற்கும் கீழே போனால் துணி வணிகரிடமே திரும்பும். வேறு நாட்டுச் சந்தைக்கென்று நெய்த துணியை உள்ளூரில் யார் வாங்குவார்கள்? ஆகவே கழித்துக்கட்டப்பட்ட துணி வணிகருக்குப் பெருஞ்சுமை. வணிகர் அச்சுமையைத் தரகர்மேல் இறக்குவார்; தரகர் தறிமேல். கப்பல் புறப்படும் நாளோ பருவக்காற்றால் தீர்மானிக்கப்படுவது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சோழமண்டலக் கரையில் கப்பல் நிற்காது. எனவே ஆண்டின் முற்பகுதியில் வாங்குபவர் கை ஓங்கியிருக்கும். கப்பல் நங்கூரமிட்டுச் சரக்குக்காகக் காத்திருக்கும்போது விற்பவர் கை ஓங்கிவிடும். அவ்வேளையில் கழிப்பதற்குரிய துணியும் நல்ல துணியாகிவிடும் விந்தையைப் பல கடிதங்களில் காணலாம்.

சென்னையில் இந்த ஆட்டத்தை முழுமையாக அறிந்தவர் காசி வீரண்ணர். பேரி திம்மண்ணரோடு கூட்டாகக் கும்பினியின் தலைமை வணிகராக விளங்கினார். சாந்தோமின் குத்தகையும் ஒரு காலத்தில் அவர் கையில் இருந்தது. சென்னையின் ஆளுநராக இருந்த வில்லியம் லாங்ஹார்ன் அவரிடம் ஆண்டுதோறும் பெருந்தொகை பெற்றுவந்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்து, லாங்ஹார்ன் திரும்ப அழைக்கப்பட்டார். குற்றம் முழுவதும் உண்மையோ, போட்டியாளர்கள் ஊதிப் பெருக்கியதோ, நமக்குத் தேவையானது ஒன்றுதான்: ஒரே ஒருவரிடம் வாங்கும் இடத்தில் இப்படிப்பட்ட ஐயம் எழாமலிருக்க வழியே இல்லை.

லாங்ஹார்னுக்குப் பின் வந்த ஸ்ட்ரெயின்ஷம் மாஸ்டர் ஒழுங்கை நிலைநாட்டப் பிறந்தவர். பதிவேடுகளும் விதிமுறைகளும் அவருக்கு உயிர். ஆயினும் வீரண்ணர் உயிரோடு இருந்தவரை அவரால் அதிகம் செய்ய முடியவில்லை. 1680இல் வீரண்ணர் இறந்தார். அவ்வாண்டே மாஸ்டர், சென்னை வணிகர்கள் பலரை ஒன்றுசேர்த்துப் பங்கு முதல் போட்ட ஒரு கூட்டு அமைப்பாகச் செயற்படச் செய்தார். இது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. டச்சுக்காரர்கள் ஏற்கெனவே தம் துறைமுகங்களில் செய்து பார்த்ததுதான். இதில் கும்பினிக்குக் கிடைத்த நன்மை வெளிப்படையானது. ஒருவர் நொடித்தால் மற்றவர்கள் பொறுப்பேற்பார்கள். முன்பணத்துக்கு எல்லோரும் பிணை. அதாவது கடன் மூழ்கும் அபாயம் கும்பினியின் பேரேட்டிலிருந்து வணிகர்களின் பேரேட்டுக்கு மாற்றப்பட்டது. வணிகர்களுக்கு என்ன நன்மை? வெளியார் யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் என்ற உறுதி. இரு தரப்பும் மனமுவந்து செய்துகொண்ட ஏற்பாடு போலத் தோன்றினாலும், அதிலும் ஓரிருவரே தலைமையில் அமர்ந்தனர் என்பதுதான் நடந்தது. திம்மண்ணரின் தம்பி சின்ன வேங்கடாத்திரியும், வீரண்ணர் குடும்பத்து முத்து வீரண்ணரும், அழகான பெயர் கொண்ட ஆலங்காத்தா பிள்ளையும் 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது அதன் முதல் ஆல்டர்மென்களில் இடம்பெற்றனர். சரக்கு வழங்குவோரை நகராட்சியில் உட்காரவைப்பதும் ஒருவகை உறவு மேலாண்மைதானே!

இப்போது செஞ்சிக்கு வருகிறோம். 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். அவருக்குப் பின் அவருடைய மருமகன் ஹர்ஜி மகாதிக் அங்கே ஆட்சி செலுத்தினார். ஆங்கில ஆவணங்கள் அவரை ஹர்ஜி ராஜா என்கின்றன. இதே வேளையில் சென்னையைச் சுற்றியிருந்த கோல்கொண்டா நிலப்பகுதியின் அதிகாரி பொதிலி லிங்கப்பர் கும்பினியோடு மோதி, ஊருக்கு வரும் சரக்கையும் உணவையும் தடுத்தார். ஒரே ஊர், ஒரே வணிகர் குழு, ஒரே அரசின் தயவு என்று இருந்தால் என்ன ஆகும் என்பது கும்பினிக்கு உறைத்தது. தெற்கே இன்னொரு அரசின் எல்லைக்குள், இன்னொரு வணிகர் வட்டத்திடம் வாங்கினால் சென்னை வணிகர்களின் விலையும் இறங்கும், லிங்கப்பரின் கையும் தளரும். இன்றைய கொள்முதல் அலுவலர் எவரும் முதல் நாளில் கற்றுக்கொள்ளும் பாடம்.

1681 டிசம்பரில் செஞ்சிக்கு அனுப்பப்பட்டவர் எலிஹு யேல். ஹர்ஜியிடம் பேசிப் பரங்கிப்பேட்டையிலும் கடலூரிலும் வணிகசாலை அமைக்க அனுமதி பெறுவது அவர் பணி. அடுத்த ஆண்டுகளில் கடலூரிலும் குனிமேட்டிலும் கும்பினிக் கிடங்குகள் எழுந்தன. யேல் பின்னாளில் சென்னையின் ஆளுநராகி, சொந்த வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டி, முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளுக்கிடையே 1692இல் பதவி இழந்தார். அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரிக்கு 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கும், நூல்களும், அரசரின் படமும் அவர் பெயரை நிலைக்கச் செய்துவிட்டன. கல்லூரிக்காரர்கள் அப்பொதிகளை விற்றுக் கட்டடம் எழுப்பினர். செஞ்சி மலைப்படிகளில் மூச்சுவாங்க ஏறிய ஒரு கொள்முதல் அலுவலரின் பெயரைத்தான் யேல் பல்கலைக்கழகம் தாங்கியிருக்கிறது என்று நினைக்கையில் எனக்குச் சிரிப்பு வருகிறது.

செஞ்சியின் கொள்முதல் வரலாற்றில் மிகவும் வளமான பகுதி 1690 முதல் 1698 வரையிலான முற்றுகைக் காலம். சம்பாஜி கொல்லப்பட்டபின் அவர் தம்பி ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பிச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய சுல்பிகர் கான் 1690இல் கோட்டையின் முன் வந்து இறங்கினார். இரு தரப்புக்கும் பணம் வேண்டும், தானியம் வேண்டும், வெடிமருந்து வேண்டும். இரு தரப்பும் அவற்றைச் சந்தையில்தான் பெற வேண்டியிருந்தது.

ராஜாராமிடம் விற்பதற்கு இருந்தவை உரிமைகள். 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கும்பினிக்கு விற்றார். கோட்டையோடு சேர்ந்த நிலத்தின் எல்லை எது என்பதற்கு ஒரு விசித்திரமான விதி: கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவும் கும்பினிக்கு. இதற்காகவே சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்று கொண்டுவரப்பட்டது. எட்டுத் திக்கிலும் சுட்டுப் பெற்ற ஊர்கள் குண்டுக் கிராமங்கள் என்று பெயர்பெற்றன. ஒப்பந்தத்தில் அளவை வரையறுக்காமல் விட்டால் எதிர்த்தரப்பு மிகப் பெரிய அளவுகோலைத் தேடிக்கொண்டு வரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். அக்கோட்டையே புனித டேவிட் கோட்டை ஆயிற்று. 1693இல் புதுச்சேரியின் உரிமையையும் ராஜாராம் ஒரு தொகை பெற்றுக்கொண்டு டச்சுக்காரர்களுக்கு அளித்தார். பிரான்சுவா மார்ட்டின் பல்லாண்டு பாடுபட்டு வளர்த்த ஊர் அது, செஞ்சி மராட்டியர்களின் அனுமதியோடுதான் அங்கே அரண் எழுப்பியிருந்தார். டச்சுப் படை வந்து முற்றுகையிட்டதும் அவர் ஊரை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ராஜாராமைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எதிரி வாசலில் நிற்க, படைவீரர் சம்பளம் கேட்டு நிற்க, அவர் கையில் காகிதமும் முத்திரையும் தவிர வேறு விற்பனைப் பொருள் இல்லை.

கும்பினியோ இரு பக்கமும் கை நீட்டியது. ராஜாராமிடம் கோட்டை வாங்கிய அதே வேளையில், அவரை முற்றுகையிட்டிருந்த சுல்பிகர் கானுக்குச் சென்னையிலிருந்து வெடிமருந்து போயிற்று. அவர் சென்னையின் உரிமைகளை உறுதிசெய்து ஆணை வழங்கினார். 1693இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகிய ஊர்கள் முகலாயரிடமிருந்து கும்பினிக்குக் கிடைத்தன. இன்று அப்பகுதிகளில் வாழும் சென்னைவாசிகள் தம் ஊர்ப்பெயர் செஞ்சி முற்றுகையோடு தொடர்புடையது என்பதை அறிந்திருப்பார்களா? அங்கே சரக்கு வழங்கியவரே அரசிடமிருந்து நிலம் பெற்றுக் கொழுத்தார். யார் யாரை மேலாண்மை செய்தார்கள் என்பது கேள்விக்குரியது.

முகலாயப் பாசறையின் மெய்யான நெருக்கடி தானியத்தில் இருந்தது. முகலாயப் படைக்கு உணவு வழங்கும் அரசுத் துறை என்று ஒன்று இல்லை. வீரனுக்குச் சம்பளம், அவன் பாசறைக் கடைத்தெருவில் வாங்கிச் சமைத்துக்கொள்ள வேண்டும். கடைத்தெருவுக்குச் சரக்கைக் கொண்டுவந்தவர்கள் பஞ்சாராக்கள், நம் ஊரில் லம்பாடிகள் என்று அறியப்படுவோர். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளோடு குடும்பம் குடும்பமாக நகரும் இவர்கள் எந்த அரசுக்கும் ஊழியர் அல்லர். எங்கே விலை அதிகமோ அங்கே போவார்கள். வழியில் பாதுகாப்பு இருந்தால் வருவார்கள், இல்லையென்றால் வரமாட்டார்கள். பாதுஷாவின் ஆணையால் ஒரு மாட்டையும் நகர்த்த முடியாது.

1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் மராட்டியக் குதிரைப்படையோடு கிழக்கே இறங்கியபோது இந்த அமைப்பின் பலவீனம் வெளிப்பட்டது. அவர்கள் கோட்டையை மீட்க நேரே வரவில்லை. காஞ்சிபுரத்து ஃபௌஜ்தார் அலி மர்தான் கானைச் சந்தாஜி சிறைபிடித்தார், வழிகள் அடைபட்டன. பொதிமாடுகள் நின்றன. பாசறையில் தானிய விலை ஏறி, பின்னர் விலை கொடுத்தாலும் கிடைக்காத நிலை வந்தது. அதே நாட்களில் ஔரங்கசீப் இறந்துவிட்டார் என்ற வதந்தி. ராஜாராமோடு இரகசியமாகப் பேசிக்கொண்டிருந்த இளவரசர் காம் பக்ஷைச் சுல்பிகர் கானும் அவர் தந்தை ஆசாத் கானும் காவலில் வைத்தனர். முற்றுகையிட வந்தவர்கள் தாமே முற்றுகையில் சிக்கினர்.

சுல்பிகர் கான் தாமே படையோடு வந்தவாசிக்குச் சென்று தானியம் திரட்டிக்கொண்டு திரும்பினார். 1693 ஜனவரியில் தேசூரில் சந்தாஜி வழிமறித்தார். துப்பாக்கி மருந்து தீர்ந்துபோன நிலையில் தல்பத் ராவ் புந்தேலாவின் படைதான் அன்று முகலாயர்களைக் காப்பாற்றியது. தல்பத் ராவின் அலுவலராக உடனிருந்த பீம்சேன் சக்சேனா தம் நினைவுக்குறிப்புகளில் இந்நாட்களைப் பதிந்துவைத்திருக்கிறார். செஞ்சி முற்றுகைக்கு நம்மிடம் உள்ள நேரடிச் சாட்சியங்களில் தலையாயது அவருடையது. சில நாட்களில் ராஜாராமோடு உடன்பாடு பேசி, முகலாயப் படை முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கியது. செஞ்சியிலிருந்து வந்தவாசி இன்று பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அவ்வளவு குறுகிய தூரத்துக்கு நெல் கொண்டுவர முடியாததால் பேரரசின் படையொன்று தோற்றது.

கோட்டைக்குள்ளே இருந்தவர்களுக்கு இப்படியொரு பஞ்சம் நெடுங்காலம் வரவில்லை. அத்தனை நீண்ட மதிலை முழுவதும் வளைக்கப் போதுமான படை முகலாயரிடம் இல்லாததால், தானியமும் ஆட்களும் போய்வந்துகொண்டே இருந்தனர். அந்த வணிகர்கள் யார்? பெயர் எழுதிவைக்கப்படாதவர்கள். காட்டுவழியில் மூட்டை சுமந்தவர்களுக்கு முகலாயரும் மராட்டியரும் ஒன்றே. விலை மட்டுமே வேறு. சுல்பிகர் கான் வேண்டுமென்றே முற்றுகையை நீட்டிக்கிறார், ராஜாராமோடு அவருக்கு உள்ளூர உடன்பாடு உண்டு என்று சமகாலத்தவர் பலர் ஐயுற்றனர். அது உண்மையாயின் அதற்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும்: போர் நீடிக்கும்வரை படைத்தலைவருக்குத் தெற்கின் அதிகாரம் நீடிக்கும். 1694இல் அவர் தஞ்சைவரை சென்று ஷாஜியிடம் திறை பெற்றதும் இப்படையின் சம்பளப் பாக்கியைத் தீர்க்கத்தான். 1698இல் கோட்டை வீழ்ந்தபோது ராஜாராம் அங்கே இல்லை; முன்பே வெளியேறிவிட்டார். கோட்டைக்கு நஸ்ரத்கட் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1791 மே மாதத்தில் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை சென்று, உணவும் மாடுமின்றிப் பெரும்பீரங்கிகளை உடைத்துப்போட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு அவர் வென்றதற்கு ஒரு முக்கியக் காரணம், இடையில் பஞ்சாராக்களைத் தம் பக்கம் திருப்பியது. பின்னாளில் பாராமகாலைக் கவனித்த அலெக்சாண்டர் ரீட் அப்பணியில் ஈடுபட்டவர். ஆணையிடவில்லை; முன்பணம் கொடுத்தார்கள், விலையை உறுதிசெய்தார்கள், வழிக்காவல் கொடுத்தார்கள். சுல்பிகர் கானிடம் இவை மூன்றில் ஒன்றும் இருக்கவில்லை.

இனி முதலில் எழுப்பிய கேள்வி. எட்டாண்டுப் போரில் துணிக்கு என்ன ஆயிற்று? முன்பணம் ஊருக்குள் போன பிறகு குதிரைப்படை வந்தால், நெய்பவர் தறியைக் குழியிலேயே விட்டுவிட்டு ஓட வேண்டியதுதான். நூல் போயிற்று, பாவு போயிற்று, முன்பணத்தில் வாங்கிய அரிசியும் போயிற்று. கும்பினி வணிகரிடம் கேட்டது. கூட்டுப் பிணை எழுதிக்கொடுத்த வணிகர் தரகரிடம் கேட்டார். பேரேடுகளில் இது பழைய பாக்கி என்ற ஒற்றை வரியாக ஆண்டுதோறும் கொண்டுசெல்லப்பட்டது. அந்த வரிக்குப் பின்னால் இருந்த தெருக்களின் பெயர்களை யாரும் எழுதவில்லை. மாஸ்டரின் ஒழுங்கான ஏற்பாட்டை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அபாயத்தை மேலிருந்து கீழே தள்ளிவிடுவதில் அது மிகத் திறமையானது, ஒழித்துவிடுவதில் அல்ல.

ஆயினும் நெய்பவரிடம் ஒரு சிறு ஆயுதம் இருந்தது. வரலாற்றாசிரியர் பிரசன்னன் பார்த்தசாரதி இதை எடுத்துக்காட்டியிருக்கிறார்: முன்பணம் பெற்ற நெசவாளர் அதைத் திருப்பிக்கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம், வணிகருக்கோ அவ்வாறு விலகும் உரிமை கிடையாது. டச்சுக்காரர் நல்ல விலை சொன்னால் ஆங்கிலேயர் பணத்தைத் திருப்பிவிட்டு அவருக்கு நெய்யலாம். அதோடு கால்களும் இருந்தன. கிராமம் பாழானால் கடலோரக் கோட்டை நிழலுக்குக் குடிபெயரலாம். கடலூரும் புதுச்சேரியும் சென்னையும் நெசவாளர்களைச் சலுகை காட்டி அழைத்தன. ஆளுநர் காலெட்டின் பெயரால் காலடிப்பேட்டையும், 1734இல் சிந்தாதிரிப்பேட்டையும் அவ்வாறு எழுந்த குடியிருப்புகளே. பல வாங்குவோர் போட்டியிட்டவரை, பொதுவாக எண்ணுவதைவிட நெய்பவரின் நிலை மேலாகவே இருந்தது என்பது என் கருத்து.

செஞ்சியின் பிற்காலத்தை விரைந்து கடந்துவிடலாம். திறைப் பாக்கியைத் தர மறுத்த தேசிங்கு 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு போரிட்டு மாண்டார். ஆர்க்காடு தலைநகராக வளர, செஞ்சி காய்ச்சல் பிடித்த ஊர் என்று பெயரெடுத்தது. 1750இல் புஸ்ஸி ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தார். 1761இல் புதுச்சேரி வீழ்ந்த சில மாதங்களில் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. வணிகப் போட்டியாளர்கள் ஒவ்வொருவராகக் களத்திலிருந்து விலகினர்.

அதற்குப் பின் கும்பினிக்குத் தலைமை வணிகர்களே தேவைப்படவில்லை. 1770களிலிருந்து அவர்களை விலக்கிவிட்டு, குமாஸ்தாக்களைக் கொண்டு நெசவாளர்களிடம் நேரடியாக முன்பணம் கொடுக்கத் தொடங்கியது. கும்பினியின் பணம் பெற்றவர் வேறு யாருக்கும் நெய்யக்கூடாது என்று விதி வந்தது. தறிமேல் சேவகர் காவல் நின்றார். முன்பணத்தைத் திருப்பிக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் பழைய வழக்கம் அந்த ஆண்டுகளில் மறைந்தது.